‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்: ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆண்டுக்குப் போகும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு

நம் வீடுகளில் விருந்தாளி ‘போதும் போதும்’ என்று கையால் இலையை மறைத்த பிறகுதான் இன்னொரு கரண்டி சாதம் விழும். ஜெர்மானிய வீட்டில் அப்படி இல்லை. ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமா?’ என்று ஒரு தடவை கேட்பார்கள். கூச்சப்பட்டு ‘வேண்டாம்’ என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள். அன்பு குறைவு என்று நினைக்காதீர்கள். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அங்கே மரியாதை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாப்பாடு நீட்டும்போது வெறும் ‘டாங்கெ’, அதாவது ‘நன்றி’, என்று மட்டும் சொன்னால் ‘வேண்டாம், நன்றி’ என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். வேண்டும் என்றால் ‘யா, கெர்ன’ என்று சொல்ல வேண்டும். நாம் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதும் அவர்கள் கண்ணுக்கு ‘இல்லை’ என்றே தெரியும். முதல் வாரம் பசியோடு படுக்கப் போகும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டினால்தான் அப்படிப் படுக்கிறார்கள்.

ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகள் வழியாக 15 முதல் 17 வயதில் ஓர் ஆண்டு போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ கே.ஆர்.புரத்திலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பலம் ஏற்கெனவே இருக்கிறது: வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். தப்பும் தவறுமாகக் கன்னடம் பேசி ஆட்டோ பிடித்தவருக்கு, தப்பாகப் பேசினாலும் காரியம் நடக்கும் என்பது தெரியும். அந்தத் துணிச்சலை ஜெர்மனுக்கும் எடுத்துப் போங்கள்.

கிளம்பும் முன்

முதல் வேலை தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று. ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல், பள்ளியில் சேரும் பிள்ளை இரண்டு டோஸ் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். நம் வீடுகளில் குழந்தைக் காலத்து அட்டை மடித்து மடித்துக் கிழிந்திருக்கும், அல்லது அதில் ‘எம்.ஆர்.’ (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) என்று ஒரு கிறுக்கலும் முத்திரையும் மட்டும் இருக்கும். குழந்தை மருத்துவரிடம் போய், எந்தத் தேதியில் எந்த ஊசி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்தும் பதிவெண்ணும் போட்டு வாங்குங்கள். அட்டை தொலைந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு டோஸுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி தேவை. அதனால் ஜூலையில் நினைவு வந்தால் தாமதம்.

அடுத்தது இங்குள்ள படிப்பு. அந்த ஓர் ஆண்டை நம் வாரியங்கள் தானாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் கணிப்பில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு போவதுதான் நல்லது. பி.யு.சி. முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நடுவே போனால் இரண்டுமே குழம்பும். பத்துக்குப் பிறகு போனால் ஓர் ஆண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் ஜெர்மனியில் பள்ளி ஆண்டு, மாநிலத்தைப் பொறுத்து, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசிக்குள் முடியும். அதற்குள் இங்கே பி.யு. வகுப்புகள் தொடங்கியிருக்கும். திரும்பி வரும்போது இடம் உண்டு என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வாய்ச்சொல் போதாது. ஓர் ஆண்டில் முதல்வரே மாறலாம்.

மொழிக்கு, இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மனின் தொடக்க நிலையான ஏ1-ஐயாவது முடித்துவிட்டுப் போவது நல்லது. ஏ1 முடித்தவருக்கு வகுப்பு புரியாது, ஆனால் சாப்பாட்டு மேசை புரியும். முதல் மாதத்துக்கு அது போதும்.

பெட்டியில் நெய், பன்னீர், பால்கோவா வைக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களைப் பயணப் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. தாவரச் சான்றிதழ் இல்லாமல் புதிய இலைகளை விட மாட்டார்கள். சாம்பார் பொடி, ரசப் பொடி, கருங்கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாராளமாக எடுத்துப் போகலாம். தடித்த குளிர்கால ஜாக்கெட்டை இங்கே வாங்குவது பணத்துக்குக் கேடு. பெங்களூர் டிசம்பருக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே அக்டோபருக்குத்தான் ஆகும், அங்குள்ள பழைய துணிக் கடைகளில் நல்ல ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட்தான். போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் அங்கே பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். உங்களைத் தங்க வைக்கும் ஹோஸ்ட் குடும்பத்துக்குப் பரிசாகச் சன்னபட்டணா மரப்பொம்மை போதும், உடையாது.

ஒன்றை மட்டும் வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போங்கள். நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். நம் பூஜைத் தட்டிலும் பிள்ளையார் படத்திலும் இருக்கும் ஸ்வஸ்திகம் வேறு என்பது தெருவில் பார்ப்பவருக்குத் தெரியாது. பை, டி-ஷர்ட், போன் உறை, வாசல் கோலம் எதிலும் அது வேண்டாம். அறைக்குள் சாமி படம் வைத்தாலும், வந்த முதல் வாரமே ஹோஸ்ட் குடும்பத்திடம் அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள்: தண்ணீரும் ஜன்னலும்

போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரி பதிவு செய்ய வேண்டும். அதன் பெயர் ‘அன்மெல்டுங்’. வீடு கொடுத்ததாக ஹோஸ்ட் கையெழுத்திடும் தாளும் பாஸ்போர்ட்டும் தேவை. விசாவில் முடிவுத் தேதியைப் பாருங்கள். சில மாதங்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால், வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு நேரம் கேட்டு முதல் மாதமே எழுதிவிட வேண்டும். அங்கே நேரம் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

இனி குளியலறை. நம் பாத்ரூமில் தரை முழுவதும் நனையலாம், ஒரு மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை இருக்கும். ஜெர்மானிய வீடுகளில் பெரும்பாலும் ஷவர் தொட்டிக்கு வெளியே தரையில் ஓட்டையே கிடையாது. பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும், தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அது தரை ஓரத்து இடுக்கு வழியாக இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். ஆகவே ஷவர் கதவையோ திரையையோ உள்பக்கமாக இழுத்துவிட்டுக் குளியுங்கள். குளித்ததும் கண்ணாடியிலும் சுவர் டைல்ஸிலும் இருக்கும் தண்ணீரை அங்கே தொங்கும் ரப்பர் துடைப்பானால் மேலிருந்து கீழே வழித்துவிடுங்கள். சுண்ணாம்பு படியாமல் இருக்கத்தான் அது. நீளமான முடி உள்ளவர்கள் வடிகட்டியில் சிக்கியதை எடுத்துக் குப்பையில் போட வேண்டும். கழிவறையில் தண்ணீர் பயன்படுத்துபவர் ஒரு சிறிய பாட்டிலில் எடுத்துப் போகலாம், தரை மட்டும் நனையக் கூடாது. குளியல் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் முடியட்டும், சுடுதண்ணீர் அங்கே செலவு. தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் பாட்டிலுக்குள் உறைந்துவிடும். தலைக்குத் தேய்த்தால் தலையணை மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னலை நாம் காற்றுக்காகத் திறக்கிறோம். அவர்கள் ஈரத்துக்காகத் திறக்கிறார்கள். இறுக்கி மூடிய, சூடாக்கிய அறையில் நாம் விடும் மூச்சு, குளியல், காயப்போட்ட துணி எல்லாவற்றின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து கரும்பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான் குளிர்காலத்திலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம், ஜன்னலை முழுசாகத் திறந்து பிறகு மூடுகிறார்கள். அந்த நேரம் ஹீட்டரை அணைக்க வேண்டும். பாதி திறந்து நாள் முழுக்க விட்டால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது.

ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழ்நோக்கி இருந்தால் மூடியது, படுக்கையாக இருந்தால் முழுசாகத் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பிவிட்டால், கதவு ஒரு மூலையில் மட்டும் தொங்குவது போல ஆகி, கழன்று விழப்போகிறது என்று பயமாக இருக்கும். உடையவில்லை. கதவை இரண்டு கையாலும் சட்டத்தோடு சேர்த்து அழுத்தி, மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பழைய நிலைக்குத் திருப்பினால் சரியாகிவிடும். கை பழகாதவர் ஹோஸ்ட் அம்மாவைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டர் திருகில் 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அளவுக்கு மீறித்தான் சூடாகும்.

குப்பை பிரிப்பதில் பெங்களூர்ப் பிள்ளைக்குப் பழக்கம் உண்டு. இங்கே பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி, வெள்ளைப் பை போல, அங்கே பெரும்பாலான ஊர்களில் மஞ்சள் பேக்கிங் பொருளுக்கு, நீலம் காகிதத்துக்கு, பழுப்பு சமையல் கழிவுக்கு. நிறம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், குளிர்பான பாட்டில்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் விலையிலேயே சேர்ந்திருக்கும். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் நசுக்காமல் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுங்கிவிட்டால் இயந்திரத்தால் லேபிளைப் படிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பேனா மையிலிருந்து சானிட்டரி பேட் வரை சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடும் சத்தம்கூட அதில் சேரும்.

பள்ளி

மதிப்பெண் தலைகீழ் என்று முதலில் அப்பா அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். 1 தான் மிக நன்று, 4 வாங்கினால் தேறியது, 6 மிக மோசம். மேல்வகுப்புகளில் 0 முதல் 15 வரை புள்ளி, அதில் 15 மேல்.

அந்த மதிப்பெண்ணில் பெரிய பங்கு, பல பாடங்களில் பாதி வரைகூட, வகுப்பில் வாய்திறந்து பேசுவதற்கு. ‘மியுன்ட்லிஷெ மிட்டார்பைட்’ என்பார்கள். நம் பள்ளிகளில் நல்ல பிள்ளை என்றால் அமைதியான பிள்ளை. அங்கே அமைதியாக உட்கார்ந்திருந்தால், பாடத்தில் அக்கறை இல்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்வார். தேர்வில் நன்றாக எழுதியும் நடுத்தர மதிப்பெண் வருவது இதனால்தான்.

இதற்கு ஒரு வழி. முதல் மாதம் கணக்கு, ஆங்கிலம் இரண்டு வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை அவைதான். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தடவை கை தூக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் ‘இஹ் ஹாபெ ஐனெ ஃப்ராகெ’, ‘எனக்கு ஒரு கேள்வி’ என்று தொடங்குங்கள், கேள்வி கேட்பதும் பேசியதாகவே சேரும். புரியாதபோது ‘நொக் மால், பிட்டெ’, ‘இன்னொரு தடவை’. கை தூக்கும்போது முழங்கையை மடக்கி ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துங்கள். உள்ளங்கையை விரித்துக் கையை முன்னே நீட்டுவது அங்கே நாஜி வணக்கத்தை நினைவூட்டும். இரண்டாம் மாதம் வரலாறு, மூன்றாம் மாதம் ஜெர்மன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஆசிரியரை ‘சார்’, ‘மிஸ்’ என்று கூப்பிடக் கூடாது. ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’ போட்டுக் குடும்பப் பெயர். ஆசிரியருக்கு எப்போதும் ‘ஸீ’, நம் ‘நீங்கள்’ மாதிரி. சக மாணவருக்கு ‘டூ’. ஹோஸ்ட் பெற்றோர் பெரும்பாலும் முதல் நாளே ‘டூ’ என்று கூப்பிடச் சொல்வார்கள். பெரியவரை ‘நீ’ என்று எப்படிக் கூப்பிடுவது என்று நம் நாக்கு கூசும். அவர்கள் தந்த உரிமை அது, பயன்படுத்தாவிட்டால் இன்னும் விலகியே இருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

காலையில் மாற்று அட்டவணையைப் பாருங்கள். ‘என்ட்ஃபால்’ என்று போட்டிருந்தால் அந்த வகுப்பு இல்லை. ஆசிரியர் வராவிட்டால் மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள், காலி வகுப்பில் நீங்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். பாடப்புத்தகம் பல பள்ளிகளில் இரவலாகத் தருவது, பேனாவால் கோடு போட்டால் விலை கொடுக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் பள்ளி தொடங்கும் முன்பே ஹோஸ்ட் பெற்றோர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

போகும் வழியில் ஒரு எச்சரிக்கை. வண்டிகள் வலப்பக்கம் ஓடும், அதனால் சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். சிவப்பு நிறத்தில் இருக்கும் நடைபாதைப் பகுதி சைக்கிளுக்கு; அங்கே நடந்தால் மணி அடிப்பார்கள், மோதியும் விடுவார்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. டிக்கெட்டை வாங்கி முத்திரை குத்த மறந்தாலும் அதே 60 யூரோதான். ‘தெரியாது’ என்றால் விட மாட்டார்கள்.

சாப்பாடு

பல வீடுகளில் இரவில் சமையல் இல்லை. ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், அவ்வளவுதான். சோறு தேடும் வயிறு இரண்டு வாரத்தில் பழகும், அதற்கு மதியம் ‘மென்ஸா’ எனும் பள்ளி உணவகத்தில் சூடாகச் சாப்பிடுவது உதவும்.

சைவம் என்றால் எது எது என்று பட்டியலாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, எலும்பு வேகவைத்த சாறு, ஜெலட்டின். கம்மி மிட்டாயில் ஜெலட்டின் உண்டு, உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கலாம். ‘நான் வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கடையில் வாங்கும்போது ‘ஸ்டில்’ என்று போட்டதை எடுங்கள், இல்லாவிட்டால் சோடாதான்.

மாதம் ஒரு தடவை நீங்கள் சமையுங்கள். நான்கு பேருக்கு எலுமிச்சை சாதம் சுலபம்: பாஸ்மதி 300 கிராம், எலுமிச்சை இரண்டு, கடுகு ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரை, வேர்க்கடலை ஒரு கைப்பிடி. முதலில் யாருக்காவது கடலை ஒவ்வாதா என்று கேளுங்கள். அங்கே அடுப்பு பெரும்பாலும் கண்ணாடி மேல்தளம் கொண்ட மின்அடுப்பு. சூடாக நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிக்கும். கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்தால் போதும் என்று விட்டால் தாளிப்பு கரிந்துவிடும். வாணலியையே அடுப்பிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். மிளகாய் போடும் முன் மேலே உள்ள புகை இழுப்பானை முழு வேகத்தில் வைத்து, படுக்கையறைக் கதவுகளை மூடுங்கள். அங்கே புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். ஊதுபத்தி, கற்பூரமும் அதே காரணத்தால் கேட்டுவிட்டுத்தான். மஞ்சள் வெள்ளை மேடையில் சிந்தினால் அப்போதே துடையுங்கள்.

நண்பர்கள், குளிர்காலம்

வகுப்பில் நண்பர் கிடைப்பது மெதுவாகத்தான். அங்குள்ள பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து ஒரே கூட்டமாக இருப்பவர்கள், பள்ளி விட்டதும் அவரவர் சங்கத்துக்குப் போய்விடுவார்கள். ‘ஃபெரைன்’ எனும் அந்தச் சங்கத்தில்தான் நட்பு. பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், செஸ், பாட்டுக்குழு, இளையோர் தீயணைப்புப் படை என எந்தச் சிற்றூரிலும் ஏதாவது இருக்கும். செப்டம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள். பேச்சு குறைவாகத் தேவைப்படும் விளையாட்டாக எடுத்தால் இன்னும் நல்லது.

கடினமான மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். காலை 8 மணிக்கும் இருட்டு, மாலை 4 மணிக்கே இருட்டத் தொடங்கும். தீபாவளி ஒரு சாதாரணப் பள்ளி நாளாகக் கடந்து போகும். தூக்கம், அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு வந்தால் உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம், அந்தப் பருவத்தில் பலருக்கும் வருவதுதான். பகல் வெளிச்சம் இருக்கும்போது தினமும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். அறைக்குள் கதவை மூடிக்கொண்டு போன் பார்ப்பதுதான் அதை நீட்டிக்கும். வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் செய்யுங்கள்.

பெற்றோருக்கு

தினமும் வீடியோ கால் வேண்டாம். ஜெர்மனியில் இரவு 9 மணி என்றால் நமக்குக் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறும், அதனால் இந்த வித்தியாசம். ஞாயிறு மதியம் அங்கே 2 மணி, இங்கே மாலை 5.30 அல்லது 6.30. வாரத்துக்கு அந்த ஒரு நேரம் போதும். பிள்ளைக்குச் சாப்பாடு சரியில்லை என்று கேட்டதும் ஹோஸ்ட் அம்மாவுக்கு நீங்கள் மெசேஜ் அனுப்பாதீர்கள். தன்னிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னதாக அவர் வருந்துவார். ‘நீயே இன்றைக்குச் சொல்’ என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஹோஸ்ட் குடும்பங்கள் பெரும்பாலும் பணம் வாங்காமல் வைத்துக்கொள்பவர்கள். பாத்திரம் அடுக்குவதும் படுக்கை மாற்றுவதும் பிள்ளையின் வேலை.

சரியாக வராதபோது

மனக்குறை வந்தால் முதலில் ஹோஸ்ட் பெற்றோரிடம். ஒரு வாரத்தில் மாறாவிட்டால், அமைப்பு உங்களுக்கென்று நியமித்த உள்ளூர்ப் பொறுப்பாளரிடம். குடும்பம் மாற்றுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல, ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் யாராவது தொட்டாலோ, மிரட்டினாலோ, இந்த வரிசை எதுவும் வேண்டாம். அந்த நிமிடமே வெளியே வந்து அமைப்பின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112. ராத்திரி அவசரமில்லாத காய்ச்சலுக்கு மருத்துவர் 116117. பிள்ளைகள் மனம்விட்டுப் பேச 116111, பெயர் சொல்லத் தேவையில்லை. இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

திரும்பும் முன் கடைசி மாதத்தில் மூன்று வேலை. இரவல் புத்தகங்களைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பள்ளியிடம் படித்த பாடம், வாரத்துக்கு எத்தனை மணி, மதிப்பெண் மூன்றும் உள்ள சான்றிதழை முத்திரையோடு, முடிந்தால் ஆங்கிலத்திலும் கேளுங்கள். பி.யு. கல்லூரி முதல்வர் கேட்கப்போவது அதைத்தான். ஊர் அலுவலகத்தில் முகவரியை நீக்கும் ‘அப்மெல்டுங்’ செய்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்துதான் அதை ஏற்பார்கள், ஆகவே விமான டிக்கெட் தேதியைப் பார்த்து அந்த வாரத்தில் ஒரு காலை நேரத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.